அரசை நம்புகிறீர்களா? அமெரிக்கர்களின் பதில் ஆட்சியோடு சேர்ந்து மாறுவது ஏன்

"வாஷிங்டனில் இருக்கும் அரசு சரியானதைச் செய்யும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்? ஏறக்குறைய எப்போதுமா, பெரும்பாலான நேரமா, சில நேரம் மட்டுமா?"

1958ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் தேர்தல் ஆய்வில் இந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள். அன்று நூற்றுக்கு 73 பேர் 'ஏறக்குறைய எப்போதும்' அல்லது 'பெரும்பாலான நேரம்' என்றார்கள். 2023இல் மக்கள் கருத்தைக் கணிக்கும் பியூ ஆய்வு மையம் இதே கேள்வியைக் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 16 பேர்தான்.

அமெரிக்க அரசியலைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் எங்காவது பார்த்திருப்பார்கள். 'அமெரிக்கர்கள் அரசின் மேல் நம்பிக்கை இழந்துவிட்டார்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான். அந்தப் பதினாறு பேர் யார், மீதிப் பேர் யார், நான்கு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் எப்படி இடம் மாறிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அங்கே அரசியல் நம்பிக்கை என்பதும் கட்சிப் பிளவு என்பதும் இன்று தனித்தனி விஷயங்களாக இல்லை. ஒன்றைத் தொட்டால் மற்றது கூடவே வருகிறது.

முதலில் அந்தச் சரிவைப் பார்த்துவிடலாம்.

1964இல் நம்பிக்கை 77 சதவீதம். இதுவரை பதிவானதிலேயே அதுதான் உச்சம். இரண்டாம் உலகப் போரில் வென்ற தலைமுறை, வளர்கிற பொருளாதாரம், வீடு வாங்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் கைகொடுத்த அரசு என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. அப்புறம் வியட்நாம் போர். போர் நன்றாகப் போகிறது என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் வந்த காட்சிகள் வேறு மாதிரி இருந்தன. பாதுகாப்புத் துறையின் ரகசிய ஆவணங்கள் 1971இல் பத்திரிகைகளில் வெளியானபோது, தலைவர்கள் மக்களிடம் சொன்னதற்கும் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்கும் எவ்வளவு தூரம் என்பது எழுத்திலேயே தெரிந்துபோனது. அடுத்து வாட்டர்கேட்: எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாக நுழைந்ததை அதிபர் நிக்சன் தரப்பு மூடி மறைக்கப் பார்த்த ஊழல். 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். அந்த ஆண்டு நம்பிக்கை 36 சதவீதம். பத்தே வருடத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கோடு ஏறியும் இறங்கியும் இருக்கிறது. விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்து வதைத்த 1970களின் கடைசியில் இன்னும் இறங்கியது. 1980களில் ரீகன் அதிபராக இருந்த காலத்தில் கொஞ்சம் எழுந்தது. 1990களின் பிற்பாதியில், பொருளாதாரம் செழித்தபோது மறுபடி ஏறியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில வாரங்களுக்குப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அரசை நம்புவதாகச் சொன்னார்கள். அது நிற்கவில்லை. ஈராக்கில் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது அரசு திணறியது. 2008இல் நிதி நெருக்கடி வந்தது. 2007க்குப் பிறகு அந்த எண் 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1964இன் 77 சதவீதத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுகிற கட்டுரைகள் ஏராளம். அந்த நாட்களில் அலபாமா மாநிலத்தின் டல்லாஸ் கவுண்டியில், செல்மா நகரம் இருக்கிற பகுதியில், மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள். அவர்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடிந்தவர்கள் சுமார் 2 சதவீதம். பதிவு செய்யப் போனவர்களிடம் அரசியல் சட்டத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பலருக்கு வேலை போனது. அதை அனுமதித்த காலத்தில்தான் நாடு முழுக்க நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. அதனால் நம்பிக்கை அதிகமாக இருந்தாலே ஆட்சி நல்ல ஆட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு பொய் சொன்னபோது மக்கள் அதை நம்ப மறுத்தார்கள் என்றால், அது மக்களின் தெளிவுக்கும் அடையாளம்.

இந்தக் கேள்வி எதை அளக்கிறது?

இந்தச் சந்தேகம் புதிதில்லை. 1974இலேயே ஆர்தர் மில்லர், ஜாக் சிட்ரின் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் இதைப் பற்றி ஒரே ஆய்விதழில் மோதிக்கொண்டார்கள். மக்கள் இரு கட்சிகளின் கொள்கைகளிலும் ஆழமாக அதிருப்தி அடைந்துவிட்டார்கள், இது அமைப்பையே பாதிக்கும் என்றார் மில்லர். அவ்வளவு கலவரப்பட வேண்டாம், பெரும்பாலானவர்கள் அப்போது பதவியில் இருக்கிறவர்களைத்தான் திட்டுகிறார்கள், நாட்டின் ஆட்சிமுறையை அவர்கள் வெறுக்கவில்லை, அரசைக் குறை சொல்வது ஒரு வழக்கமாகவும் ஆகிவிட்டது என்றார் சிட்ரின்.

ஐம்பது வருடம் கழித்தும் இந்த வாதம் தீரவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றைக் கவனியுங்கள். 'வாஷிங்டனில் இருக்கும் அரசு' என்று கேட்டால் முகம் சுளிக்கிற அதே அமெரிக்கர்களிடம் தேசியப் பூங்காத் துறையைப் பற்றியோ அஞ்சல் துறையைப் பற்றியோ கேட்டால், பத்துக்கு ஏழு பேருக்கு மேல் நல்லபடியாகவே பேசுகிறார்கள். இரண்டும் அதே மத்திய அரசைச் சேர்ந்தவைதான். உள்ளூர் நிர்வாகத்துக்கும் மத்திய அரசைவிட நல்ல பெயர். ஆக, 'வாஷிங்டன்' என்றதும் மனதில் வருவது தபால்காரரோ வனக்காவலரோ இல்லை. அதிபர், காங்கிரஸ் என்று அழைக்கப்படும் நாடாளுமன்றம், தொலைக்காட்சியில் நடக்கிற சண்டை. அதாவது கட்சிகள்.

கட்சிகள் ஒரு காலத்தில் கலந்து கிடந்தன

இன்றைக்கு ஜனநாயகக் கட்சி என்றால் இடது பக்கம், குடியரசுக் கட்சி என்றால் வலது பக்கம் என்று குழந்தைக்கும் தெரியும். 1950களில் அப்படி இல்லை. மிசிசிப்பியின் செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் இனப் பிரிவினையைக் கடைசி வரை கட்டிக்காத்தவர். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். நியூயார்க்கின் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடியவர். அவர் குடியரசுக் கட்சிக்காரர். அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதாலேயே, உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநில வெள்ளையர்கள் நூறு வருடத்துக்கு அந்தக் கட்சியின் பக்கம் திரும்பவில்லை. அதனால் ஜனநாயகக் கட்சிக்குள் வடக்கின் தொழிற்சங்கத் தொண்டர்களும் தெற்கின் இனப் பிரிவினைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் நிறைவேறியபோது வாக்குகள் எப்படி விழுந்தன என்று பாருங்கள். குடியரசுக் கட்சியில் 27 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியில் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. சட்டத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட அதிபர் லிண்டன் ஜான்சனோ ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் கட்சியிலிருந்துதான் எதிர்ப்பு வாக்குகள் அதிகம். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர்கள். அடுத்த ஆண்டு முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. கீழவையான பிரதிநிதிகள் சபையில், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் உறுப்பினர்களில் 70 பேர் இறுதி வாக்கெடுப்பில் அதை ஆதரித்தார்கள்.

இதோடு 2010ஐ ஒப்பிடுங்கள். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. 2017இல் டிரம்ப் ஆட்சி கொண்டுவந்த வரிக் குறைப்புச் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லை.

நடுவில் என்ன ஆயிற்று? 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கும் 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கும் பிறகு தெற்கின் பழமைவாத வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். ஒரே தேர்தலில் இல்லை, முப்பது வருடம் பிடித்தது. வடகிழக்கின் மிதவாதக் குடியரசுக் கட்சியினர் எதிர்த் திசையில் நகர்ந்தார்கள். கருக்கலைப்பு, துப்பாக்கி, மதம் என்று ஒவ்வொரு விவாதமும் இந்தப் பிரிப்பை இன்னும் கூர்மையாக்கியது. நகரமும் கிராமமும், பட்டம் பெற்றவரும் பெறாதவரும், வாராவாரம் தேவாலயம் போகிறவரும் போகாதவரும் தனித்தனிக் கட்சிகளில் சேர்ந்தார்கள். கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஜனநாயகக் கட்சியோடு நின்றார்கள்.

ஆய்வாளர்கள் இதை 'பிரிந்து அடுக்கப்படுதல்' என்ற பொருளில் பேசுகிறார்கள். லிலியானா மேசன் என்ற அரசியல் அறிஞர் இதன் விளைவைத் தெளிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். முன்பு ஒருவருடைய கட்சி ஒன்றாகவும், தேவாலயம் வேறாகவும், தொழிற்சங்கம் இன்னொன்றாகவும் இருக்கும். தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் எதிர்க்கட்சிக்காரராக இருப்பார். அவரை வெறுப்பது அவ்வளவு சுலபமில்லை. இன்று மதம், இனம், ஊர், படிப்பு எல்லாம் ஒரே திசையில் வரிசைகட்டி நிற்கின்றன. கட்சி தோற்றால் தன்னுடைய எல்லா அடையாளமும் தோற்றது போல இருக்கிறது.

கருத்து வேறுபாடு வேறு, வெறுப்பு வேறு

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. 'துருவமயமாதல்' என்று ஒரே சொல்லைப் போட்டு இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, கொள்கையில் விலகுவது. வரி எவ்வளவு, குடியேற்றம் எப்படி, கருக்கலைப்பு சட்டப்படி செல்லுமா போன்ற கேள்விகளில் இரு பக்கமும் தள்ளிப் போவது. காங்கிரஸ் உறுப்பினர்களிடம் இது மறுக்க முடியாதபடி நடந்திருக்கிறது. ஐம்பது வருடம் முன்பு இரு கட்சி உறுப்பினர்களையும் அவர்கள் போட்ட வாக்குகளை வைத்து இடமிருந்து வலமாக நிறுத்தினால், நடுவில் பெரிய கூட்டம் கலந்து நிற்கும். இன்று நடுவில் ஆளில்லை. பொதுமக்களிடம் இது அவ்வளவு தூரம் நடந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. மோரிஸ் ஃபியோரினா 'மக்கள் நடுவில்தான் இருக்கிறார்கள், சரியான கட்சிக்கு இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்' என்கிறார். ஆலன் அப்ரமோவிட்ஸ் 'இல்லை, அரசியலில் ஈடுபாடுள்ள மக்களும் விலகிவிட்டார்கள்' என்கிறார்.

இரண்டாவது, உணர்வில் விலகுவது. எதிர்க்கட்சியின் கொள்கை பிடிக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற ஆளையே பிடிக்காமல் போவது. இதில் பெரிய வாதமில்லை. மிச்சிகன் ஆய்வில் 'உணர்வு வெப்பமானி' என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு கட்சியின் மேல் எவ்வளவு பரிவு என்று பூஜ்யத்திலிருந்து 100 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 1978இல் ஒரு சராசரி அமெரிக்கர் தன் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் போட்ட மதிப்பெண்ணில் சுமார் 27 வித்தியாசம். 2020இல் அந்த வித்தியாசம் 50ஐத் தாண்டிவிட்டது. இதில் முக்கியமானது, தன் கட்சியின் மேல் பாசம் கூடவில்லை. எதிர்க்கட்சிக்குப் போடும் மதிப்பெண்தான் அதலபாதாளத்துக்குப் போயிருக்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடப் பிரபலம். உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா? 1960இல் இரு கட்சியிலும் சுமார் 5 சதவீதம் பேர்தான் வருத்தம் என்றார்கள். 2010இல் குடியரசுக் கட்சியினரில் 49 சதவீதம், ஜனநாயகக் கட்சியினரில் 33 சதவீதம்.

இந்த எண்ணைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்கள் இதையும் கேளுங்கள். சமாரா கிளார், யானா க்ருப்னிகோவ், ஜான் பேரி ரையன் மூவரும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். வரப்போகிற மருமகனோ மருமகளோ எதிர்க்கட்சிதான், ஆனால் அரசியலே பேசமாட்டார் என்று சொன்னால், வருத்தம் பெருமளவு குறைந்துவிடுகிறது. தன் கட்சிக்காரரே ஆனாலும் எந்நேரமும் அரசியல் பேசுகிறவர் என்றால் பலருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரசியல் சண்டை வேண்டாம் என்பதும் அந்த 49இலும் 33இலும் கலந்திருக்கிறது. இருந்தாலும் வெறுப்பு வெறும் பேச்சு இல்லை என்று காட்டுகிற சோதனைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஷாந்தோ ஐயங்காரும் ஷான் வெஸ்ட்வுட்டும் நடத்தியது. கலந்துகொண்டவர்களிடம் பள்ளி முடிக்கிற இரண்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கல்வி உதவித்தொகை தர வேண்டும், யாருக்கு? மதிப்பெண், சாதனைகள் எல்லாம் இருக்கும். பள்ளிக்கு வெளியே செய்தவை என்ற பகுதியில், ஒருவர் இளம் ஜனநாயகக் கட்சியினர் சங்கத்தின் தலைவர், மற்றவர் இளம் குடியரசுக் கட்சியினர் சங்கத்தின் தலைவர் என்று ஒரே ஒரு வரி. பத்தில் எட்டுப் பேர் தங்கள் கட்சி மாணவரையே தேர்ந்தெடுத்தார்கள். எதிர்க்கட்சி மாணவர் மதிப்பெண்ணில் தெளிவாக முன்னால் இருந்தபோதும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஜனநாயகக் கட்சியினரில் 30 சதவீதம், குடியரசுக் கட்சியினரில் 15 சதவீதம். உதவித்தொகைக்கும் அரசியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது இதுதான் மனதை உறுத்தியது.

இனத்தை வைத்தும் அவர்கள் இதே சோதனையைச் செய்தார்கள். கட்சி அளவுக்கு அங்கே சார்பு வலுவாக வெளிப்படவில்லை. இதை 'அமெரிக்காவில் இனவெறி போய்விட்டது' என்று படிக்கக் கூடாது. இனத்தைப் பார்த்து ஒதுக்கினால் நாலு பேர் தப்பாக நினைப்பார்கள் என்ற கூச்சம் அங்கே இருக்கிறது. கட்சியைப் பார்த்து ஒதுக்குவதற்கு அந்தக் கூச்சமும் இல்லை.

இரண்டு கோடுகளும் சந்திக்கிற இடம்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். பைடன் அதிபராக இருந்த 2024இல் பியூ மையம் கேட்டபோது மொத்தத்தில் 22 சதவீதம் பேர் அரசை நம்பினார்கள். பிரித்துப் பார்த்தால், ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் 35 சதவீதம், குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 11 சதவீதம். 2025இல் டிரம்ப் மறுபடி பதவியேற்றதும் இது தலைகீழானது. அரசின் அலுவலகங்களும் சட்டங்களும் ஊழியர்களில் பெரும்பாலோரும் சில மாதங்களில் மாறிவிடவில்லை. வெள்ளை மாளிகையில் இருக்கிற ஆள் மாறினார்.

முன்பும் ஆளும் கட்சிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் நம்பினார்கள். அது இயல்பு. ஆனால் 1960களின் தொடக்கத்தில் எதிர்க்கட்சி ஆதரவாளர்களிலும் பெரும்பான்மையினர் அரசை நம்பினார்கள். இன்றைக்கு எதிர்க்கட்சிக்காரர்களின் நம்பிக்கை தரையைத் தொட்டுவிட்டது. அந்த 35ஐயும் பாருங்கள். சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே மூன்றில் ஒருவர்தான் நம்புகிறார். ஆக, இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது: எல்லோருடைய நம்பிக்கையும் இறங்கியிருக்கிறது, மிச்சம் இருக்கிற நம்பிக்கை கட்சியோடு சேர்ந்து ஆடுகிறது.

பொருளாதாரத்திலும் இதே ஆட்டம்தான். 2016 நவம்பரில் டிரம்ப் வென்றதும், பதவியேற்பதற்கு முன்பே, குடியரசுக் கட்சியினர் பொருளாதாரம் நன்றாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2020 முடிவு வந்ததும் எதிர்ப்பக்கம் அதையே செய்தது.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பொருளாதாரம் இல்லை, தேர்தல். 2020 தேர்தல் முடிந்ததும் பியூ மையம் 'நாடு முழுக்கத் தேர்தல் நன்றாக நடத்தப்பட்டதா' என்று கேட்டது. பைடனுக்கு வாக்களித்தவர்களில் 94 சதவீதம் ஆமாம் என்றார்கள். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 21 சதவீதம்தான் ஆமாம் என்றார்கள். 2024இல் அதே கேள்வி. டிரம்புக்கு வாக்களித்தவர்களில் 93 சதவீதம் ஆமாம். இயந்திரங்களும், எண்ணும் முறையும், வாக்குச்சாவடிகளில் உட்கார்ந்த ஊழியர்களும் பெரும்பாலும் அதே மாதிரிதான் இருந்தார்கள். முடிவு வேறு.

இந்த இடத்தில் 'இரண்டு பக்கமும் ஒன்றுதான்' என்று சொல்லி நழுவுவது நியாயமாகாது. 2024இல் தோற்ற கமலா ஹாரிஸுக்கு வாக்களித்தவர்களில் 84 சதவீதம் தேர்தல் நன்றாக நடந்தது என்றார்கள். தோற்ற பக்கத்தில் ஒருமுறை 21, மறுமுறை 84. ஹாரிஸ் வாக்குப்பதிவுக்கு மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். 2020இல் டிரம்ப் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்தல் திருடப்பட்டது என்றார். அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவர் தரப்பு தோற்றது. ஜார்ஜியாவில் வாக்குகளைக் கையால் மறுபடி எண்ணியும் முடிவு மாறவில்லை. ஆனாலும் 2021 ஜனவரி 6இல் டிரம்ப் ஆதரவாளர்களின் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தது. தோற்ற தலைவர் என்ன சொல்கிறாரோ, அதைத்தான் தொண்டர்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள்.

நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

மார்க் ஹெதரிங்டன், தாமஸ் ருடால்ஃப் இருவரும் இதற்கு ஒரு நல்ல பதில் தருகிறார்கள். தனக்கு நேரடியாகப் பலன் தருகிற திட்டத்தை ஆதரிக்க யாருக்கும் அரசின் மேல் நம்பிக்கை தேவையில்லை. இன்னொருவருக்குப் பலன் தருகிற திட்டத்துக்கோ, தன் கொள்கைக்குக் கொஞ்சம் ஒத்துவராத திட்டத்துக்கோ சம்மதிக்கத்தான் அது வேண்டும். மளிகைக் கடைக்காரர் தெரிந்த ஆளுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பது மாதிரி, 'இப்போது விட்டுக்கொடுக்கிறேன், நீ ஏமாற்றமாட்டாய்' என்று குடிமகன் அரசிடம் சொல்வது அது. 1965இல் அந்த 70 குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் எதிர்க்கட்சி அதிபரின் திட்டத்துக்கு வாக்களித்துவிட்டுத் தங்கள் ஊருக்குப் போய் மக்கள் முகத்தில் விழிக்க முடிந்ததற்கு, அந்த மக்களிடம் இருந்த நம்பிக்கையும் ஒரு காரணம். இன்று ஆட்சியில் இல்லாத கட்சியின் வாக்காளர்களிடம் அது ஏறக்குறைய இல்லை. அவர்கள் பிரதிநிதி எதிர்ப்பக்கத்தோடு கைகுலுக்கினால், கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் அடுத்த உட்கட்சித் தேர்தலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சமரசம் நடக்காமல் காங்கிரஸ் முடங்குகிறது. முடங்கிய காங்கிரஸைப் பார்த்து எல்லோருடைய நம்பிக்கையும் இன்னும் குறைகிறது.

இதற்கெல்லாம் சமூக ஊடகம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். முழுக் காரணம் அது இல்லை. வெப்பமானியில் வெறுப்பு ஏறத் தொடங்கியது ஃபேஸ்புக் வருவதற்கு ரொம்ப முன்பே. லெவி பாக்செல், மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷாபிரோ செய்த ஆய்வில், இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் முதியவர்களிடம்தான் துருவமயமாதல் அதிகமாக வளர்ந்திருந்தது. கேபிள் செய்திச் சேனல்கள், ஒளிபரப்பில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி 1987இல் நீக்கப்பட்டது, இவையும் கணக்கில் வரும். இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. 1955 முதல் 1995 வரை நாற்பது வருடம் பிரதிநிதிகள் சபை தொடர்ந்து ஜனநாயகக் கட்சியின் கையில்தான் இருந்தது. ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்த சிறுபான்மைக் கட்சி, கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சுவார்த்தைக்கு வந்தது. இன்றைக்கு ஒவ்வொரு தேர்தலிலும் சபை எந்தப் பக்கமும் சாயலாம். எதிராளிக்கு ஒரு வெற்றியைக் கொடுப்பதைவிட, அவரைத் தோற்கடிக்கக் காத்திருப்பது லாபம் என்று ஆகிவிட்டது. அரசியல் அறிஞர் ஃபிரான்சிஸ் லீ இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்.

எதிர்ப்பக்கம் யார் என்று தெரியுமா?

வெறுக்கிறவர்கள் வெறுக்கப்படுகிறவர்களைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறார்களா? டக்ளஸ் ஆலரும் கௌரவ் சூடும் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஜனநாயகக் கட்சியினரில் ஓரினச் சேர்க்கையாளர், இருபாலீர்ப்பாளர் போன்றோர் எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு மக்களின் சராசரி ஊகம் 32. உண்மையில் சுமார் 6. குடியரசுக் கட்சியினரில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை என்றதற்கு ஊகம் 38. உண்மையில் சுமார் 2. தொலைக்காட்சியில் தெரிகிற முகத்தைக் கட்சி முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். அரசியல் செய்திகளை அதிகம் பின்தொடர்கிறவர்கள்தான் இன்னும் தப்பாக ஊகித்தார்கள். சரியான எண்ணைச் சொன்னதும் எதிர்க்கட்சியின் மேல் இருந்த தூரம் கொஞ்சம் குறைந்தது.

அப்படியானால் வெறுப்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையில் ஒரு பெரிய சோதனை நடந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் 25 வழிகளைச் சோதித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வெறுப்பைக் குறைத்தன. ஆனால் 'என் கட்சி ஜெயிப்பதற்காக ஜனநாயக விதியை மீறினாலும் பரவாயில்லை' என்ற எண்ணத்தைக் குறைத்தவை கொஞ்சம்தான். பக்கத்து வீட்டு எதிர்க்கட்சிக்காரரோடு சிரித்துப் பேசுகிற ஒருவர், தன் தலைவர் தேர்தல் முடிவை மாற்ற முயன்றால் அதையும் ஆதரிக்கலாம். அந்த இரண்டாவது எண்ணத்தை அசைத்தவற்றில் ஒன்று, ஜனநாயகம் குலைந்துபோன மற்ற நாடுகளில் மக்கள் தெருவில் என்ன பாடுபட்டார்கள் என்று காட்டிய ஒரு காணொளி.

அங்கே சோதிக்கப்பட்டவற்றில் யூட்டா மாநிலத்தின் ஒரு தேர்தல் விளம்பரமும் இருந்தது. 2020 அக்டோபரில் அந்த மாநிலத்தின் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சியின் ஸ்பென்சர் காக்ஸும் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் பீட்டர்சனும் அதில் ஒன்றாக நின்று பேசினார்கள். எங்களுக்குள் பல விஷயங்களில் ஒத்துப்போகாது, ஆனால் அதிபர் தேர்தலில் யார் வென்றாலும் அந்த முடிவை மதிப்போம், அமைதியான ஆட்சி மாற்றத்தை ஆதரிப்போம் என்றார்கள். அடுத்த மாதத் தேர்தலில் காக்ஸ் வென்றார். பீட்டர்சன் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.